ஏடு காத்தவர்கள் – 9: காவிரி கொண்ட ஒன்பதினாயிரம்

போன வாரம் லண்டனில் இருந்தோம். 1731 அக்டோபர் 23. ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் தீ. ராபர்ட் காட்டன் ஆயுள் முழுதும் சேர்த்த சுவடிகளைச் சன்னல் வழியே வெளியே எறிந்து காப்பாற்றப் பார்த்தார்கள். ஆங்கிலோ-சாக்சன் மொழியின் நெடுங்கவிதையான பெயோவுல்ஃப், ஓரங்கள் கருகிய நிலையில் தப்பியது. 991இல் நடந்த மால்டன் போரைப் பாடிய கவிதையின் சுவடி தப்பவில்லை.

ஆனாலும் மால்டன் கவிதையை இன்றும் படிக்கிறோம். தீ வருவதற்கு முன்பே ஒருவர் அதைப் படியெடுத்து வைத்திருந்தார். 1726இல் தாமஸ் ஹெர்ன் அதை அச்சிலும் ஏற்றிவிட்டார். ஐந்தே ஆண்டு இடைவெளியில் உயிர் பிழைத்த கவிதை அது.

பிரதியும் இல்லாமல் போயிருந்தால்? 1731இல் இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் அந்த வரிகளை மனப்பாடமாகச் சொல்ல ஓர் ஆள் கிடைத்திருக்க மாட்டார். 1066இல் நார்மானியர் நாட்டைப் பிடித்த பிறகு அந்த மொழி மெல்ல வேறொன்றாகிவிட்டது. பாடியவர்களின் வரிசை என்றோ அறுந்துவிட்டது. தோல் ஏடு போனால் கவிதையும் போயிற்று.

இதே ஆபத்து, இங்கிலாந்துக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு முன்பே ஸ்ரீரங்கத்துக்கு வந்தது. அங்கே தீ. இங்கே தண்ணீர்.

பாட்டு இருந்தது, பொருள் காற்றில் இருந்தது

நாதமுனிகள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் திரட்டிய கதையை முன்பே பார்த்தோம். பாசுரங்களுக்கு இசை அமைத்து, கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்ற தம் மருமக்கள் இருவருக்கும் அவர் கற்றுக்கொடுத்தார். அந்த மரபில் வந்த அரையர்கள் இன்றும் மார்கழியில், பகல்பத்திலும் இராப்பத்திலும், ஸ்ரீரங்கம் கோயிலில் பாடி அபிநயிக்கிறார்கள்.

பாட்டு நிலைத்துவிட்டது. அதன் பொருள் என்ன ஆனது?

பொருள் ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்குப் போய்க்கொண்டிருந்தது. எழுத்தில் இல்லை. இராமானுசர் வடமொழியில் பிரம்ம சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் எழுதியவர். நாலாயிரத்தில் அடங்கிய நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குத் தம் கையால் உரை எழுதவில்லை. அந்தப் பணியைத் தம் சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளானிடம் ஒப்படைத்தார். திருவாய்மொழிக்கு முதல் எழுத்துரை அப்படிப் பிறந்தது. அதன் பெயர் ஆறாயிரப்படி.

'படி' என்பது அளவு. மெய்யெழுத்தை நீக்கி எண்ணினால் 32 எழுத்து ஒரு படி. ஆறாயிரப்படி என்றால் 1,92,000 எழுத்து. இந்தக் கணக்கு வெறும் பெருமைக்காக ஏற்பட்டதன்று. படியெடுப்பவருக்கு எவ்வளவு ஓலை வேண்டும் என்பதை அது சொல்லும். படியெடுத்ததில் ஒரு பகுதி விடுபட்டிருந்தால் காட்டிக்கொடுக்கவும் செய்யும்.

இராமானுசருக்குப் பின், அவருடைய சீடர் கூரத்தாழ்வானின் மகன் பராசர பட்டர் ஸ்ரீரங்கத்தில் தலைமை ஏற்றார். கன்னட தேசத்தில் பெரும் வேதாந்தியாக விளங்கிய மாதவர் என்பவரை வாதில் வென்று தம் சீடராக்கினார். அவர் துறவு பூண்டு நஞ்சீயர் ஆனார். பட்டரிடம் கேட்ட பொருள்களைக் கொண்டு நஞ்சீயர் எழுதிய திருவாய்மொழி உரைதான் ஒன்பதினாயிரப்படி.

பெரும் உரை. கையில் இருந்ததோ ஒரே ஒரு பிரதி.

நல்ல கையெழுத்து வேண்டும்

தம் உரையைத் திருத்தமான பட்டோலையாக எழுதி வைக்க நஞ்சீயர் விரும்பினார். யாரிடம் கொடுப்பது என்று சீடர்களைக் கேட்டார். நம்பூர் வரதராசர் என்ற இளைஞரை அவர்கள் சுட்டினார்கள்.

இந்தத் தெரிவில் நஞ்சீயர் ஏன் அவ்வளவு கவனம் காட்டினார் என்பதை, பழைய ஓலையைக் கண்ணால் கண்டவர்கள் உடனே உணர்வார்கள். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. வைத்தால் எழுத்தாணி முனை ஓலையைக் குத்திக் கிழிக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவில் வேறுபாடு இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. அதற்கு மேல் இந்த உரைகள் மணிப்பிரவாள நடையில் அமைந்தவை. தமிழோடு வடசொல் கலந்து ஓடும்.

பொருள் தெரியாத கை இதைப் படியெடுத்தால் பிழை மலியும். ஆகவே வரதராசரின் கையெழுத்தை மட்டும் பார்த்து நஞ்சீயர் ஏட்டைக் கொடுத்துவிடவில்லை. ஒன்பதினாயிரப்படி முழுவதையும் ஒருமுறை அவருக்குப் பாடமாகச் சொன்னார். எழுதப் போகிறவர் முதலில் கேட்டவராக இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

அந்த ஒரு முடிவுதான் பின்னால் நடந்தவை அனைத்துக்கும் காரணம்.

வரதராசர் தம் ஊரான நம்பூருக்குப் போய் எழுதி வருவதாக விடைபெற்றார். நஞ்சீயர் சுவடியைக் கொடுத்தார்.

ஆற்றின் நடுவே

ஸ்ரீரங்கம் தீவு. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. இடையில் அரங்கன் பள்ளிகொண்ட நிலம். இன்று பாலத்தின்மேல் பேருந்தில் இரண்டு நிமிடத்தில் கடக்கிறோம். அன்று பாலம் ஏது? ஊரைவிட்டு வெளியே போக வேண்டுமானால் ஆற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

குருபரம்பரை நூல்கள் சொல்லும் நிகழ்ச்சி இது. வரதராசர் காவிரியில் இறங்கினார். ஓரிடத்தில் நீந்தித்தான் கடக்க வேண்டியிருந்தது. சுவடியைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார்.

நடு ஆற்றில் ஓர் அலை மோதியது. சுவடிக்கட்டு நழுவியது. வெள்ளம் அதைக் கொண்டுபோனது.

நஞ்சீயரின் பல்லாண்டு உழைப்பு அந்தக் கட்டுக்குள் இருந்தது. பட்டர் சொன்ன பொருள்கள் இருந்தன. பட்டருக்கு முன்னோர் சொன்னவையும் இருந்தன. இன்னொரு பிரதி கிடையாது.

வரதராசர் கரையேறினார். அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. திரும்பிப் போய் ஆசிரியரின் காலில் விழுந்து, போயிற்று என்று சொல்லலாம். மன்னிப்புக் கிடைத்திருக்கலாம், நூல் கிடைக்காது.

அவர் இரண்டாம் வழியை எடுத்தார். ஊருக்குப் போனார். ஓலையை எடுத்து வைத்து உட்கார்ந்தார். ஆசிரியர் ஒருமுறை சொன்ன பாடத்தை நினைவிலிருந்து எழுதத் தொடங்கினார். திருவாய்மொழியின் 1,102 பாசுரங்களுக்கும், பதிகம் பதிகமாக, எழுதி முடித்தார்.

எழுதும்போது சில பாசுரங்களில் ஆசிரியர் சொன்னதைவிடச் சிறப்பான பொருள் அவருக்குத் தோன்றியது. தமிழில் ஆழ்ந்த புலமை உள்ளவர் அவர். தோன்றிய பொருளையும் அங்கங்கே சேர்த்தே எழுதினார்.

முடித்த சுவடியைக் கொண்டுவந்து நஞ்சீயர் முன் வைத்தார்.

இது யார் எழுதியது?

நஞ்சீயர் படிக்கத் தொடங்கினார். தம் உரைதான். ஆனால் சில இடங்களில் தாம் எழுதாத பொருள்கள் இருந்தன. அவை தம்முடையவற்றைவிட நன்றாக இருப்பதையும் கண்டார். என்ன நடந்தது என்று கேட்டார்.

வரதராசர் அஞ்சி நின்றார். பிறகு ஆறு கொண்டுபோனதையும், நினைவிலிருந்து எழுதியதையும் ஒளிக்காமல் விண்ணப்பித்தார்.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நொடி இதுதான். ஒரு நூலாசிரியர், தம் நூல் அழிந்துவிட்டது என்றும் அதன் இடத்தில் மாணவர் எழுதியது நிற்கிறது என்றும் அறிகிறார். நஞ்சீயர் கோபிக்கவில்லை. தம் பழைய சொற்களைத் தேடித் தவிக்கவும் இல்லை. வரதராசரை மார்போடு அணைத்து, இவர் நம் பிள்ளை என்று மகிழ்ந்தார். அன்று முதல் வரதராசருக்கு அதுவே பெயர். நம்பிள்ளை.

இன்று நம் கையில் உள்ள ஒன்பதினாயிரப்படி நஞ்சீயர் பெயரால் வழங்குகிறது. மரபின் இந்தக் கதைப்படி, நஞ்சீயர் கைப்பட எழுதிய முதல் ஏட்டை இன்றுவரை யாரும் மீண்டும் பார்க்கவில்லை.

இங்கே பெயோவுல்ஃப் சுவடியை மறுபடி நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். தீயில் பிழைத்த அந்த ஏட்டின் கருகிய ஓரங்கள், ஆண்டுக்கு ஆண்டு உதிர்ந்துகொண்டே வந்தன. 1787 வாக்கில் தோர்கெலின் என்ற ஐஸ்லாந்து அறிஞர் இரண்டு பிரதிகள் உண்டாக்கினார். ஒன்றைக் கூலிக்கு ஓர் எழுத்தரை அமர்த்தி எழுதுவித்தார். மற்றொன்றைத் தாமே எழுதினார். அந்த எழுத்தருக்கு ஆங்கிலோ-சாக்சன் மொழி தெரியாது. கண்ணில் பட்ட வடிவத்தை அப்படியே வரைந்தார். பிற்பாடு உதிர்ந்துபோன எழுத்துகள் பலவற்றை அந்த இரு பிரதிகளிலிருந்துதான் இன்று அறிஞர்கள் மீட்கிறார்கள்.

மொழி தெரியாத எழுத்தர் எழுத்தைக் காப்பாற்றினார். பொருள் தெரிந்த மாணவர் பொருளைக் காப்பாற்றினார், எழுத்து மாறிப்போனது. பழைய நூல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தவை இந்த இரண்டு கைகளாலும்தான். எந்தக் கையை இகழ்ந்தாலும் பாதி நூலகத்தை இகழ்ந்தவர்கள் ஆவோம்.

கரையானுக்குக் கொடுத்த ஏடு

ஆண்டுகள் சென்றன. நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தின் ஆசாரியர் ஆனார். பாசுரங்களுக்குப் பொருள் சொல்லும் அவருடைய காலட்சேபத்துக்குத் திரண்ட கூட்டம், அரங்கனின் உற்சவத் திருமேனியான நம்பெருமாளின் புறப்பாட்டுக்குக் கூடும் கூட்டமோ என்று பார்ப்பவர் மயங்கும் அளவுக்கு இருந்ததாக மரபு பேசுகிறது.

ஆற்றிலிருந்து ஒரு நூலை நினைவால் மீட்டவர். இவர் பிரதிகளைப் பெருக்குவதில் முனைந்திருப்பார் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு.

பட்டர் வழியில் வந்த நடுவில் திருவீதிப் பிள்ளை பட்டர், நம்பிள்ளை சொன்ன பொருள்களையெல்லாம் எழுதினார். 1,25,000 படி. நாற்பது லட்சம் எழுத்து. மகாபாரத அளவு என்பார்கள். முடித்துக் கொண்டுவந்து ஆசாரியர் திருவடியில் வைத்தார்.

நம்பிள்ளை ஏற்கவில்லை. ஆறாயிரப்படி எழுதுவதற்கே பிள்ளான் இராமானுசரின் இசைவைப் பெற்றிருக்க, அனுமதி இல்லாமல் இவ்வளவு விரிவாக எழுதினால் ஆசிரியர் முன் அமர்ந்து கேட்கும் வழக்கமே அழிந்துவிடாதா என்று கேட்டார். அந்த ஏடுகளைக் கரையானுக்கு இரையாக்கினார்.

அவர் அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஓலை ஒருநாள் போகும். கேட்ட மாணவர் இருந்தால் மீளும். இதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். கேட்கும் வழக்கம் போய்விட்டால், அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு எழுதித்தர யார் இருப்பார்?

இதை உணர்ந்தும் என் மனம் ஒப்பவில்லை. நாற்பது லட்சம் எழுத்து. அதில் நம்பிள்ளையின் குரல் இருந்தது. அந்த இழப்பைக் காவிரியின் தலையில் போட முடியாது.

வடக்குத் திருவீதியில் ஓர் இரவுப்பணி

அதே காலத்தில் வடக்குத் திருவீதியில் இன்னொரு சீடர் இருந்தார். பெயரே வடக்குத் திருவீதிப் பிள்ளை. பகலில் நம்பிள்ளையின் காலட்சேபத்தைக் கேட்பார். இரவில் வீட்டில் அமர்ந்து, கேட்டதைக் கேட்டபடி ஓலையில் எழுதுவார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் ஆசாரியரைத் தம் திருமாளிகைக்கு அமுது செய்ய அழைத்தார். நம்பிள்ளை வந்தார். திருவாராதனத்துக்காக, வீட்டுப் பூசைப் பெட்டியான கோயிலாழ்வாரைத் திறந்தபோது, உள்ளே ஓலைச்சுவடிகள் அடுக்கி இருந்தன.

இது என்ன என்று கேட்டார். தேவரீர் அருளியதை மறந்துவிடக் கூடாதே என்று எழுதி வைத்தேன் என்று சீடர் விண்ணப்பித்தார்.

நம்பிள்ளை எடுத்துப் படித்தார். 36,000 படி. 11,52,000 எழுத்து. மிகாமலும் குறையாமலும், தாம் பேசியது தம் முன்னால் இருந்தது.

முந்தைய ஏட்டின் கதியை நினைத்துப் பாருங்கள். இதையும் கரையானுக்குக் கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. அழகாக எழுதியிருக்கிறீர் என்று மெச்சினார். ஆனால் சீடரிடமும் விட்டுவைக்கவில்லை. சுவடிகளைத் தாமே எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டி வைத்தார். திருவாய்மொழிக்கு உரை எழுதும் பணியை அவர் முறைப்படி ஒப்படைத்தது தம் இன்னொரு சீடர் பெரியவாச்சான் பிள்ளையிடம். அவர் எழுதிய இருபத்துநாலாயிரப்படி வெளியே வழங்கியது. முப்பத்தாறாயிரம் உள்ளே இருந்தது.

அந்த முப்பத்தாறாயிரத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் ஈடு என்று போற்றினார்கள். தமிழ் உரைநூல்களில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சில. பு. ரா. புருஷோத்தம நாயுடு தமிழாக்கிச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தொகுதிகளை இன்று நூலகத்தில் எடுத்துப் புரட்டலாம். காவிரியின் தென்கரையில், திருச்சி புத்தூர் அக்ரஹாரத்திலிருந்து 'ஸ்ரீவைஷ்ணவ ஸுதர்சனம்' இதழை நடத்திய எஸ். கிருஷ்ணஸ்வாமி அய்யங்கார், இந்த உரைகளை விளக்கி அச்சில் கொண்டுவருவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்.

பூட்டிய பெட்டியிலிருந்து அச்சகம் வரை அது எப்படி வந்தது?

ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு

ஈயுண்ணி மாதவர் என்ற சீடர் அந்த ஏட்டை வேண்டி நம்பெருமாளிடமே விண்ணப்பித்துக் காத்திருந்தார். பெருமாள் திருவுள்ளத்தை ஏற்று நம்பிள்ளை பெட்டியைத் திறந்தார். ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்: ஓராண்வழியாகவே இது போக வேண்டும். ஒருவர், தகுதியுள்ள ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கூட்டத்தில் சொல்லக் கூடாது. ஊரறியப் பரப்பக் கூடாது.

மாதவர் தம் மகன் பத்மநாபருக்குச் சொன்னார். பத்மநாபரிடமிருந்து அது நாலூர்ப் பிள்ளைக்குப் போயிற்று. இந்த வரிசையைப் பின்னாளில் வந்த ஆசாரியர் மணவாள மாமுனிகள் தம் உபதேசரத்தினமாலையில் பதிவு செய்திருக்கிறார்.

எண்ணிப் பாருங்கள். 11,52,000 எழுத்து. ஒரு தலைமுறையில் அதை முழுமையாக அறிந்தவர், ஏட்டைக் கையில் வைத்திருப்பவர், ஒருவர் அல்லது இருவர். அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தால் போதும். ஓர் ஆறு பெருகினால் போதும். நஞ்சீயர் செய்த தவற்றை, ஒரே பிரதியை ஒரே கையில் கொடுத்ததை, அந்த ஆபத்தைத் தாமே அனுபவித்த நம்பிள்ளை மறுபடி செய்தார் என்றே நான் கருதுகிறேன். ஆசிரியர் முன் அமர்ந்து கேட்கும் வழக்கத்தைக் காக்க வேண்டும் என்ற அவர் எண்ணம் உயர்ந்தது. அதற்காக ஒரு நூலை ஒற்றை நூலிழையில் தொங்கவிட்டிருக்க வேண்டியதில்லை.

காலம் அமைதியாக இருந்திருந்தால் இழை தாங்கியிருக்கும். காலம் அமைதியாக இல்லை.

1323. தில்லி சுல்தானின் மகன் உலூக்கான் படையோடு தெற்கே இறங்கினான். பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்று அரியணை ஏறியவன் இவனே. படை ஸ்ரீரங்கத்தை நோக்கி வந்தது. இரவில் ஈடு எழுதிய வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகன் பிள்ளை லோகாசாரியர் அப்போது தள்ளாத முதியவர். நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு, சிறு கூட்டத்தோடு தெற்கே கிளம்பினார். நம்பெருமாள் ஸ்ரீரங்கம் திரும்பியது 1371இல். பிள்ளை லோகாசாரியர் திரும்பவில்லை; மதுரைக்கு அருகே சோதிட்குடியில் அவர் வாழ்வு முடிந்தது.

தெய்வத்தை ஒருவர் சுமந்தார். சுவடிகளை யார் சுமந்தது? திருமாளிகைகளின் பரண்களில் இருந்த ஏடுகளில் எவை வெளியேறின, எவை அங்கேயே எரிந்தன? படை கொள்ளிடக் கரைக்கு வந்த நாளில், ஓராண்வழியாக வந்த ஈட்டின் ஏடு யார் கையில், எந்த ஊரில் இருந்தது?

அடுத்த வாரம் அந்த ஏட்டைத் தேடிக் காஞ்சிபுரம் வழியாகத் திருநாராயணபுரம் வரை போவோம்.